காட்டைச் சுற்றி ஒரு கோடு: தேசியப் பூங்காக்கள் எப்படி வேலை செய்கின்றன?

1894 மார்ச் மாதம். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா பனி மூடிக் கிடக்கிறது. பெலிகன் பள்ளத்தாக்கில் எட்கர் ஹோவெல் என்ற ஆள் பைசன் எனப்படும் காட்டெருமைகளைச் சுட்டுத் தோலுரித்துக்கொண்டிருக்கும்போதே காவலரிடம் கையும் களவுமாகச் சிக்குகிறார். ஒரு காலத்தில் அந்த நாட்டில் கோடிக்கணக்கில் திரிந்த விலங்கு அது. அப்போது காட்டில் மிச்சமிருந்தவை சில நூறு. ஹோவெலுக்கு என்ன தண்டனை கிடைத்தது தெரியுமா? பூங்காவை விட்டு வெளியே போ என்றார்கள். அவ்வளவுதான்.

யெல்லோஸ்டோன் அறிவிக்கப்பட்டு அப்போது 22 வருடம் ஆகியிருந்தது. வேட்டையாடக் கூடாது என்று விதி உண்டு. மீறினால் என்ன செய்வது என்று சட்டத்தில் ஒரு வரி கிடையாது. ஆரம்பத்தில் சில ஆண்டுகள் பூங்காவுக்கென்று அரசு ஒரு காசும் ஒதுக்கவில்லை. முதல் கண்காணிப்பாளருக்குச் சம்பளமே இல்லை. ஹோவெல் விஷயம் பத்திரிகையில் வந்து பெரிதான பிறகுதான் அதே ஆண்டு மே மாதம் அபராதமும் சிறையும் விதிக்கும் சட்டம் வந்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. 1902இல் எண்ணியபோது பூங்காவுக்குள் இருந்த காட்டு பைசன்கள் சுமார் இரண்டு டஜன்.

தேசியப் பூங்கா என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இந்தக் கதையில்தான் தொடங்குவேன். வரைபடத்தில் ஒரு கோடு போட்டு, உள்ளே பச்சை நிறம் அடிப்பது ஒரு நாள் வேலை. உள்ளே இருக்கும் உயிர்கள் நூறு வருடம் கழித்தும் அங்கேயே இருக்க வேண்டும் என்றால், அந்தக் கோட்டை எங்கே போட்டோம், எவ்வளவு பெரிதாகப் போட்டோம், அதற்கு வெளியே என்ன இருக்கிறது, உள்ளே ஏற்கெனவே யார் வாழ்கிறார்கள் என்று வரிசையாகப் பல கேள்விகள் வருகின்றன. இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கோட்டைப் பற்றியதுதான்.

முதலில் ஒரு சொல் குழப்பம். பூங்கா என்றதும் தமிழில் நமக்கு நினைவுக்கு வருவது ஊஞ்சலும் சிமெண்ட் பெஞ்சும். போதாக்குறைக்கு, விலங்குகளைக் கூண்டில் வைத்திருக்கும் இடத்துக்கும் உயிரியல் பூங்கா என்றே பெயர் வைத்துவிட்டோம். தேசியப் பூங்கா இரண்டிலும் சேராது. யாரும் அங்கே செடி நட்டு வளர்ப்பதில்லை, புலிக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு போடுவதில்லை. இயற்கை தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டிய நிலம் அது. நம் வேலை, அதைக் கெடுக்காமல் இருப்பதும் கெடுப்பவர்களைத் தடுப்பதும். எப்போதாவது பழைய தவறைச் சரிசெய்யவும் வேண்டியிருக்கும்: யெல்லோஸ்டோனில் 1920களில் கடைசி ஓநாய்கள் வரை கொன்று தீர்த்தவர்கள், 1995இலும் 1996இலும் கனடாவிலிருந்து ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள்.

இதைவிடப் பெரிய சொல் ‘பாதுகாக்கப்பட்ட பகுதி’. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 1948இல் தொடங்கப்பட்ட அமைப்பு; ஆங்கிலச் சுருக்கத்தில் ஐயூசிஎன் என்பார்கள். அது சொல்லும் வரையறையைச் சுருக்கினால்: எல்லை தெளிவாகக் குறிக்கப்பட்ட ஓர் இடம், சட்டத்தாலோ பலன் தரும் வேறு வழியாலோ நிர்வகிக்கப்பட வேண்டும், நோக்கம், இயற்கையை நீண்ட காலத்துக்குக் காப்பது. தேசியப் பூங்கா இதில் ஒரு வகை மட்டுமே.

மொத்தம் ஆறு வகை வைத்திருக்கிறார்கள். மனப்பாடம் செய்ய அவசியமில்லை; இரண்டு முனைகளும் தெரிந்தால் போதும். ஒரு முனையில், ஆராய்ச்சியாளர் தவிர வேறு யாரும் நுழையக் கூடாத கடுமையான காப்பிடங்கள். ரஷ்யாவில் இவற்றை ஸபோவெட்னிக் என்கிறார்கள். பைக்கால் ஏரிக்கரையில் 1917இல் வந்த பார்குஸின் காப்பிடம், சேபிள் என்ற சின்ன விலங்கை ரோமத்துக்காக வேட்டையாடி ஒழித்துவிடுவார்களோ என்ற பயத்தில் உருவானது. மறு முனையில், மக்கள் உள்ளேயே வாழ்ந்து, காட்டின் விளைபொருளை எடுத்துப் பிழைக்கும் இடங்கள். பிரேசிலின் அக்ரே மாநிலத்தில் 1990இல் அறிவிக்கப்பட்ட சிக்கோ மெண்டஸ் காப்பகத்தில் ரப்பர் பால் எடுப்பவர்கள் குடும்பத்தோடு இருக்கிறார்கள். காட்டை அழித்தால் முதலில் பட்டினி கிடக்கப்போவது அவர்கள்தான் என்பதால் அவர்களே காவலும் காக்கிறார்கள்.

தேசியப் பூங்கா இரண்டாவது வகை. பெரிய நிலப்பரப்பு, இயற்கையான போக்கு, பார்வையாளர்களுக்கு அனுமதி. ஆனால் பெயரை நம்பி ஏமாறக் கூடாது. இங்கிலாந்தின் ஏரி மாவட்ட தேசியப் பூங்காவுக்குள் சுமார் 40,000 பேர் குடியிருக்கிறார்கள். சரிவெல்லாம் ஆடு மேய்கிறது. நிலத்தில் பெரும்பகுதி தனியாருடையது. பெயரில் தேசியப் பூங்கா என்று இருந்தாலும் ஐயூசிஎன் பட்டியலில் அது ஐந்தாவது வகை, பாதுகாக்கப்பட்ட நிலக்காட்சி. ஆகவே ஒரு நாடு ‘எங்களிடம் இத்தனை தேசியப் பூங்காக்கள் இருக்கின்றன’ என்று சொன்னால் அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

ஏன் உயிரைக் காக்காமல் இடத்தைக் காக்கிறோம்?

நல்ல கேள்விதான் இது. புலி அழிகிறது என்றால் புலியைப் பிடித்துப் பத்திரமாக வைத்து, குட்டி போட வைத்துவிடலாமே?

பல்லுயிர் என்று நாம் சொல்வதில் மூன்று அடுக்கு உண்டு. எத்தனை இனங்கள் இருக்கின்றன என்பது எல்லோருக்கும் தெரிந்த அடுக்கு. ஒரே இனத்துக்குள் மரபணு எவ்வளவு வேறுபடுகிறது என்பது அதற்குக் கீழே. சதுப்பு நிலம், புல்வெளி, பவளத்திட்டு என்று எத்தனை வகையான வாழிடங்கள் இருக்கின்றன என்பது அதற்கு மேலே. கூண்டுக்குள் நடுவில் உள்ள அடுக்கை மட்டும், அதுவும் அரைகுறையாகத்தான் காப்பாற்ற முடியும். புலி தின்னும் மான், மான் தின்னும் புல், புல்லின் வேரோடு பின்னிக் கிடக்கும் பூஞ்சை, சாணத்தை உருட்டிப் புதைக்கும் வண்டு என்று இத்தனையையும் கூண்டில் அடைக்க வழியில்லை. அவற்றில் பாதிக்கு நாம் இன்னும் பெயர்கூட வைக்கவில்லை. இடத்தைக் காத்தால், பெயர் தெரியாதவையும் சேர்ந்து பிழைத்துக்கொள்ளும். புலிக்காகப் போட்ட கோட்டுக்குள் பெயர் தெரியாத தவளையும் இலவசமாகக் குடை பிடித்து நிற்கிறது. எல்லாத் தவளைக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்காது என்பதும் உண்மை. புலி போகாத ஒரு சின்னப் பாறைச் சரிவில் மட்டுமே வாழும் தவளைக்கு அந்தக் குடையால் பயன் இல்லை.

எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

பனாமா கால்வாய்க்காக 1913 வாக்கில் சாக்ரெஸ் ஆற்றை அணைகட்டித் தேக்கினார்கள். தண்ணீர் ஏற ஏறக் காடு மூழ்கியது. ஒரு குன்றின் உச்சி மட்டும் தீவாக மிஞ்சியது. அதுதான் பாரோ கொலராடோ தீவு, சுமார் 15 சதுர கிலோமீட்டர். 1923 முதல் அது பாதுகாக்கப்பட்ட ஆராய்ச்சி இடம். மரம் வெட்டவில்லை, வேட்டை கட்டுக்குள் இருந்தது. அப்படியும் அடுத்த சில பத்தாண்டுகளில் பல பறவை இனங்கள் அங்கிருந்து ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. யாரும் துரத்தவில்லை. இடம் போதவில்லை.

இது ஏன் என்று ராபர்ட் மெக்கார்தர், எட்வர்ட் வில்சன் என்ற இரண்டு அறிவியலாளர்கள் 1967இல் ஒரு கோட்பாடாக விளக்கினார்கள். தீவு சிறிதாக இருந்தால் அதில் ஒவ்வோர் இனமும் கொஞ்சம் எண்ணிக்கையில்தான் இருக்கும். பத்துப் பன்னிரண்டு பறவைகள் மட்டுமே உள்ள இனத்துக்கு ஒரு புயல், ஒரு நோய், ஒரு வறட்சி போதும், கதை முடிந்தது. கரைக்குப் பக்கத்தில் இருக்கும் தீவாக இருந்தால் வேறு பறவைகள் வந்து இடத்தை நிரப்பும். தூரமாக இருந்தால் வராது. ஒரு தோராயக் கணக்கும் உண்டு: பரப்பு பத்து மடங்கு பெருகினால் இனங்களின் எண்ணிக்கை ஏறக்குறைய இரண்டு மடங்காகும். திருப்பிப் போட்டுப் பாருங்கள், பத்தில் ஒன்பது பங்கு வாழிடத்தை அழித்தால் காலப்போக்கில் பாதி இனங்கள் போகும்.

இதில் தீவு என்பது கடல் நடுவில்தான் இருக்க வேண்டும் என்றில்லை. சுற்றிலும் சோயா வயலும் நெடுஞ்சாலையும் உள்ள காடும் தீவுதான். வில்லியம் நியூமார்க் என்ற ஆய்வாளர் வட அமெரிக்காவின் மேற்குப் பகுதிப் பூங்காக்களின் பழைய பதிவுகளைப் புரட்டி, 1987இல் ஒரு முடிவை வெளியிட்டார். பூங்கா எவ்வளவு சிறியதோ, அங்கே பாலூட்டி இனங்கள் அவ்வளவு அதிகமாக அற்றுப்போயிருந்தன. இத்தனைக்கும் சட்டம், காவலர், நிதி எல்லாம் இருந்த பூங்காக்கள் அவை.

அளவோடு சேர்த்து வடிவத்தையும் பார்க்க வேண்டும். பலரும் கவனிக்காத விஷயம் என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். காட்டின் ஓரம், காட்டின் நடு மாதிரி இருக்காது. ஓரத்தில் வெயில் பக்கவாட்டில் பாய்கிறது, காற்று அடிக்கிறது, ஈரம் காய்கிறது. நிழலில் வளர்ந்து பழகிய பெரிய மரங்கள் சாய்கின்றன. வெளிச்சம் தேடும் கொடிகள் மேலேறிப் படர்கின்றன. பிரேசிலின் மனாஸ் நகருக்கு வடக்கே 1979 முதல் நடக்கும் ஒரு நீண்ட ஆய்வில், மேய்ச்சலுக்காகக் காட்டை அழித்தபோது 1, 10, 100 ஹெக்டேர் அளவில் சில துண்டுகளை வேண்டுமென்றே விட்டுவைத்து என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். மேலே சொன்னதெல்லாம் அங்கே கண்ணெதிரே நடந்தது. தரையோரம் வாழும் சில பறவைகள் 80 மீட்டர் வெட்டவெளியைக்கூடத் தாண்டவில்லை. பறக்கத் தெரிந்த பறவைகள்தான். தாண்ட மனம் வரவில்லை.

இப்போது ஒரு தாளை எடுத்து வரைந்து பாருங்கள். ஓரத்தின் கெடுதல் உள்ளே 100 மீட்டர் வரை எட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர் சதுரமான காடு, 100 ஹெக்டேர். நான்கு பக்கமும் 100 மீட்டர் கழித்தால் நடுவில் 64 ஹெக்டேர் நல்ல காடு நிற்கும். அதே 100 ஹெக்டேரை, ஐந்து கிலோமீட்டர் நீளமும் 200 மீட்டர் அகலமும் கொண்ட பட்டையாக வரையுங்கள். இரண்டு பக்கமும் 100 மீட்டர் கழித்தால்? பூஜ்யம். முழுக்க ஓரம்தான், நடு என்பதே இல்லை. அரசு ஆவணத்தில் இரண்டும் 100 ஹெக்டேர் என்றே பதிவாகும்.

ஒரே பெரிய பூங்கா நல்லதா, அதே பரப்பைப் பல சின்னப் பூங்காக்களாகப் பிரித்துப் போடுவது நல்லதா என்று அறிவியலாளர்கள் 1970களிலிருந்து சண்டை போட்டுவருகிறார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. பல இடங்களில் சின்னச் சின்னதாக இருந்தால் வெவ்வேறு வாழிடங்கள் உள்ளே வரும். ஒன்றில் நோய் பரவினாலும் மற்றவை தப்பும். என் கட்சி என்ன என்று கேட்டால், யாரைக் காக்கப் போகிறோம் என்பதைப் பொறுத்தது என்பேன். அரிய பூச்செடிக்குப் பத்துச் சிறிய இடங்கள் சரியாக வரும். யானைக்கும் ஓநாய்க்கும் வராது.

சரி, பெரிதாகப் போட இடமில்லை என்றால்? இருக்கும் துண்டுகளை இணைக்க வேண்டும். இணைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் புளோரிடாச் சிறுத்தை நல்ல சாட்சி. பெயர்தான் சிறுத்தை, உண்மையில் அது பூமா என்ற அமெரிக்கக் காட்டுப்பூனை இனம். தென்கிழக்கு அமெரிக்கா முழுக்கத் திரிந்த விலங்கு, 1990களின் தொடக்கத்தில் புளோரிடாவின் தெற்கு முனையில் இருபது முப்பது என்ற எண்ணிக்கையில் ஒடுங்கிக் கிடந்தது. எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்கா அங்கேதான் இருக்கிறது. சட்டப் பாதுகாப்புக்குக் குறைவில்லை. ஆனால் வெளியிலிருந்து புது ரத்தம் வர வழியில்லை. நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே இனம் பெருக்கிப் பெருக்கி, குட்டிகளின் வால் நுனி மடங்கிப் பிறந்தது, இதயத்தில் ஓட்டை இருந்தது, பல ஆண்களுக்கு விரை கீழிறங்கவே இல்லை. கடைசியில் 1995இல் டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் பூமாக்களைப் பிடித்துவந்து விட்டார்கள். அவற்றில் ஐந்து குட்டி போட்டன. அந்தக் குட்டிகளுக்குக் குறைகள் வெகுவாகக் குறைந்தன. எண்ணிக்கையும் நூறைத் தாண்டியது. எட்டு விலங்குகளை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து செய்த வேலையை, முன்பெல்லாம் காடு தொடர்ந்து இருந்தபோது இளம் ஆண் விலங்குகள் சும்மா நடந்து போயே செய்துகொண்டிருந்தன.

அப்படி நடந்து போவதற்கு விடும் இடத்தைத்தான் வழித்தடம் என்கிறோம். சில சமயம் அது ஆற்றங்கரைக் காட்டுப் பட்டை. சில சமயம் கான்கிரீட். கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவை ஒரு பெரிய நெடுஞ்சாலை குறுக்கே வெட்டிப் போகிறது. சாலையின் இருபுறமும் வேலி போட்டு, விலங்குகள் கடக்க 6 மேம்பாலங்களும் 38 சுரங்கப்பாதைகளும் கட்டினார்கள். மேம்பாலத்தின் மேல் மண் கொட்டி, புல்லும் மரமும் வளர்த்திருக்கிறார்கள். மான்கள் சீக்கிரமே பழகிக்கொண்டன. கிரிஸ்லி கரடிகள் நம்பி ஏறுவதற்கு வருடக்கணக்கில் எடுத்துக்கொண்டன. இன்று அந்தச் சாலையில் விலங்குகள் வண்டியில் அடிபடுவது 80 சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கிறது.

எந்த நிலத்தைக் கொடுக்கிறார்கள்?

உலகத்திலேயே பெரிய தேசியப் பூங்கா எது? ஆப்பிரிக்காவைத் தேடாதீர்கள். வடகிழக்கு கிரீன்லாந்து தேசியப் பூங்கா, சுமார் 9,72,000 சதுர கிலோமீட்டர். பிரான்ஸையும் இத்தாலியையும் சேர்த்து உள்ளே வைத்தாலும் இடம் மிச்சமிருக்கும். பெரும்பகுதி பனிப்பாளம்.

அதைக் காப்பது வீண் என்று சொல்ல வரவில்லை. துருவக் கரடிக்கும் கஸ்தூரி எருதுக்கும் அது வீடு. ஆனால் உலகம் முழுக்க ஒரு போக்கு இருக்கிறது. பயிருக்கு ஆகாத, ரோடு போட முடியாத, உயரமான, செங்குத்தான, குளிர்ந்த நிலம்தான் பூங்காவாகிறது. வளமான சமவெளியில் பல்லுயிர் அதிகம். அங்கே விவசாயமும் ஊரும் முந்திக்கொண்டுவிட்டன. விற்க முடியாத துணியைத் தானம் கொடுப்பது போலத்தான் இது. யெல்லோஸ்டோனின் எல்லைகூட வெந்நீர் ஊற்றுகளுக்காகப் போடப்பட்டது, விலங்குகளுக்காக அல்ல. அதனால்தான் குளிர்காலத்தில் அங்குள்ள எல்க் மான்களும் பைசன்களும் மேய்ச்சல் தேடித் தாழ்வான நிலத்துக்கு இறங்கும்போது கோட்டைத் தாண்டிவிடுகின்றன. தாண்டியதும் வேறு நிலம், வேறு சட்டம்.

இதே சிக்கலைப் பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் தான்சானியாவின் செரெங்கெட்டிக்குப் போக வேண்டும். வில்டபீஸ்ட் எனப்படும், மாடு போலத் தோன்றும் மான்கள் பத்து லட்சத்துக்கும் மேல், கூடவே லட்சக்கணக்கில் வரிக்குதிரைகள், மழையைத் துரத்திக்கொண்டு ஆண்டு முழுக்கச் சுற்றி வருகின்றன. தெற்கே எரிமலைச் சாம்பல் படிந்த மண்ணில் குட்டைப் புல் முளைக்கும்போது அங்கே கன்று ஈனும். அந்தப் புல் காய்ந்ததும் வடக்கே நகர்ந்து, மாரா ஆற்றை நீந்திக் கென்யாவுக்குள் நுழையும். செரெங்கெட்டி தேசியப் பூங்கா மட்டும் 14,763 சதுர கிலோமீட்டர். அதுவே இந்தக் கூட்டத்துக்குப் பற்றாது. பக்கத்திலுள்ள ங்கோரொங்கோரோ பகுதியும் கென்யாவின் மசாய் மாராவும் சேர்ந்தால்தான் வட்டம் முழுமையடையும். இரண்டு நாட்டு அரசுகள் ஒத்துழைக்காவிட்டால் ஒரு விலங்குக் கூட்டத்தின் ஒரு வருடப் பயணம் அறுந்துபோகும்.

உள்ளே ஏற்கெனவே யார் இருந்தார்கள்?

இந்தப் பகுதியைத்தான் பழைய விளக்கப் புத்தகங்கள் வேகமாகத் தாண்டிப் போகும். யெல்லோஸ்டோன் ஆள் நடமாட்டமே இல்லாத காடு என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். ஷோஷோனி, குரோ, பிளாக்ஃபீட் முதலிய பழங்குடிகள் அங்கே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வேட்டையாடியும் வாழ்ந்தும் வந்தவர்கள். அவர்கள் வெளியேற்றப்பட்ட பிறகுதான் அது ஆளில்லாக் காடு ஆனது. செரெங்கெட்டியிலிருந்து 1959இல், மாடு மேய்த்து வாழும் மசாய் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக உலகின் பல நாடுகளில் இதே கதைதான். அது அநியாயம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். காட்டுக்கும் அது எப்போதும் நல்லதாக முடியவில்லை.

ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவைப் பாருங்கள். 29 சதுர கிலோமீட்டர் அளவிலான சின்ன நீர்நிலைப் பகுதி. மன்னர்கள் வாத்து வேட்டைக்காக மடை கட்டித் தண்ணீர் தேக்கி உருவாக்கியது; 1938இல் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்ட கணக்கு அங்கே கல்வெட்டிலேயே இருக்கிறது. பின்னாளில் அது பறவைகளின் புகலிடமாகி, 1980களின் தொடக்கத்தில் தேசியப் பூங்காவானது. தேசியப் பூங்காவுக்குள் கால்நடை மேயக் கூடாது என்பது சட்டம். காலங்காலமாக மேய்ந்த எருமைகளை 1982இல் தடுத்தார்கள். எதிர்த்த கிராமத்தினர் மீது துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின.

அப்புறம் நடந்ததுதான் யாரும் எதிர்பாராதது. எருமைகள் தண்ணீரில் இறங்கி ஒரு வகை நீர்ப்புல்லைத் தின்றுகொண்டிருந்தன. எருமை போனதும் அந்தப் புல் கட்டுக்கடங்காமல் மண்டி, திறந்த நீர்ப்பரப்பை மூடிவிட்டது. நீந்தவும் மூழ்கி இரை தேடவும் வெட்டவெளித் தண்ணீர் வேண்டிய வாத்துகளுக்கு இடமில்லாமல் போனது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பத்தாண்டுக் காலம் ஆராய்ந்து, மேய்ச்சலை நிறுத்தியதால் அந்த நீர்நிலை கெட்டது என்ற முடிவுக்கு வந்தது. பிறகு கிராமத்தினரை உள்ளே விட்டுப் புல் அறுக்கச் சொன்னார்கள். எருமைகள் வாயால் செய்த வேலையை மனிதர்கள் அரிவாளால் செய்ய வேண்டியதாயிற்று.

வேறு வழியில் போனவர்களும் உண்டு. ஆஸ்திரேலியாவின் உளுரு பாறையும் சுற்றியுள்ள நிலமும் 1985 அக்டோபரில் அனங்கு பழங்குடியினரிடம் திருப்பித் தரப்பட்டன. அவர்கள் அதைத் தேசியப் பூங்காவாக வைத்திருக்க அரசுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டு, நிர்வாகக் குழுவில் பெரும்பான்மையாக இருக்கிறார்கள். எந்தப் புல்வெளியை எப்போது சிறு நெருப்பு வைத்து எரித்தால் பெருந்தீ வராது என்ற அவர்களின் பழைய அறிவு இப்போது பூங்கா நிர்வாகத்தின் பகுதி.

மக்களையும் காட்டையும் சேர்த்து யோசிக்கும் இன்னொரு ஏற்பாடு, யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகம். நடுவில் கைபடாத மையம், சுற்றிலும் கட்டுப்பாடான பயன்பாட்டுக்கு ஒரு வளையம், அதற்கும் வெளியே ஊரும் விவசாயமும் உள்ள வளையம். பெயர் பெரிதாக இருந்தாலும் அடிப்படை இதுதான்: கூர்மையான கோட்டுக்குப் பதில் படிப்படியாக மங்கும் எல்லை.

கடலில் கோடு போட முடியுமா?

முடியும், நிலத்தைவிட வேகமாகப் பலனும் தெரியும். நியூசிலாந்தின் லீ என்ற கடற்கரையில் 1975இல் சுமார் 5 சதுர கிலோமீட்டர் கடலில் மீன்பிடிப்பை அடியோடு தடை செய்தார்கள். அப்போது அங்கே அடியில் வெறும் பாறைதான். கெல்ப் என்னும் பெரிய கடற்பாசிக் காடு இருந்த இடத்தை, உடம்பெல்லாம் முள்ளாக உருண்டு கிடக்கும் கடல் முள்ளெலிகள் மொட்டையடித்திருந்தன. அவற்றைத் தின்னும் ஸ்னாப்பர் மீனையும் சிங்கி இறாலையும் மனிதர்கள் பிடித்துத் தீர்த்ததால் வந்த வினை. தடைக்குப் பிறகு ஸ்னாப்பரும் சிங்கி இறாலும் பெருத்தன, முள்ளெலிகளைத் தின்றன, பாசிக் காடு திரும்பி வளர்ந்தது. மீன் குஞ்சுகளுக்குக் கோடு தெரியாதாகையால், வெளியே வலை வீசுபவர்களுக்கும் பங்கு போகிறது. மெக்சிகோவின் காபோ புல்மோவில் 1995இல் பூங்கா வந்தது. மீன்பிடித்துப் பிழைத்த குடும்பங்களே முன்னின்று மீன்பிடிப்பை நிறுத்தின. 1999க்கும் 2009க்கும் இடையில் அங்கே மீன்களின் மொத்த எடை 463 சதவீதம் உயர்ந்தது. ஆனால் உலகின் எல்லாக் கடல் பூங்காக்களும் இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். பலவற்றில் மீன்பிடிப் படகுகள் எப்போதும் போல உள்ளே வந்து போகின்றன.

இப்படிப் பேருக்கு மட்டும் இருப்பவற்றைக் காகிதப் பூங்கா என்பார்கள். அரசிதழில் எல்லை இருக்கும். காவலர் இருக்க மாட்டார், வண்டி இருந்தால் டீசல் இருக்காது. இருக்கிற கோடும் அழிக்கப்படலாம். அரேபிய ஓரிக்ஸ் என்ற வெள்ளை மான் 1972இல் காட்டில் அடியோடு அற்றுப்போனது. வளர்ப்பில் இருந்தவற்றைக் கொண்டு 1982இல் ஓமான் பாலைவனத்தில் மறுபடி விட்டார்கள். அந்தச் சரணாலயம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்தது. 1996இல் 450 வரை பெருகிய ஓரிக்ஸ், கள்ள வேட்டையால் 65 ஆகச் சரிந்தது. 2007இல் எண்ணெய் எடுப்பதற்காக அரசு சரணாலயத்தின் பரப்பை 90 சதவீதம் குறைத்தது. உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட முதல் இடம் என்ற பெயர் அதற்குக் கிடைத்தது.

இப்போது அரசுகள் பேசுவதெல்லாம் சதவீதக் கணக்கில். 2022 டிசம்பரில் கனடாவின் மாண்ட்ரியலில் நடந்த ஐ.நா. பல்லுயிர் மாநாட்டில், 2030க்குள் நிலத்திலும் கடலிலும் 30 சதவீதத்தைப் பாதுகாப்பது என்று 190க்கும் மேற்பட்ட நாடுகள் ஒப்புக்கொண்டன. நிலத்தில் இப்போதைக்கு ஆறில் ஒரு பங்குக்குச் சற்று மேல் பாதுகாப்பில் இருக்கிறது. கடலில் அதில் பாதிதான் தேறும். இலக்கை எட்டப் பனிப்பாளத்தையும் காகிதப் பூங்காவையும் அள்ளிப் போட்டுக் கணக்குக் காட்டலாம் என்பது எனக்குள்ள சந்தேகம். நல்ல மாற்றம் ஒன்றும் இருக்கிறது. பூங்கா என்ற பட்டமே இல்லாமல் நன்றாகக் காக்கப்படும் இடங்களையும் இப்போது கணக்கில் சேர்க்கிறார்கள். எத்தியோப்பியாவின் வடக்கு மேட்டு நிலத்தில் காடெல்லாம் வயலாகிவிட்ட பிறகும், பழைய தேவாலயங்களைச் சுற்றி வட்ட வட்டமாகச் சோலைகள் நிற்கின்றன. எந்த அரசும் போட்ட கோடு அல்ல. கோயிலைச் சுற்றிய மரத்தைத் தொடக் கூடாது என்ற நம்பிக்கை மட்டும்தான் வேலி. சில இடங்களில் கல்லடுக்கிச் சுவரும் எழுப்பியிருக்கிறார்கள், மாடு உள்ளே புகாமல் இருக்க.

கடைசியாக, யாரும் நூறு வருடம் முன்பு யோசித்திராத ஒரு சிக்கல். கோடு நகராது; வெப்பநிலை நகர்கிறது. உலகம் சூடாகச் சூடாகச் செடிகளும் விலங்குகளும் மலை உச்சியை நோக்கியும் துருவத்தை நோக்கியும் மெல்ல இடம்பெயர்கின்றன. கலிபோர்னியாவில், பாலைவனத்தில் வளரும் ஜோஷுவா மரத்தின் பெயரையே தாங்கிய ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. இந்த நூற்றாண்டின் முடிவில் பூங்காவின் பெரும்பகுதி அந்த மரத்துக்கு ஆகாத அளவு சூடாகவும் வறட்சியாகவும் மாறிவிடும் என்று கணிக்கிறார்கள். அங்கே இப்போது நடக்கும் வேலை இது: எவ்வளவு சூடானாலும் கொஞ்சம் குளிர்ச்சி தங்கக்கூடிய உயரமான மூலைகளைப் பூங்காவுக்குள் தேடிக் குறித்துவைத்து, அந்த இடங்களில் நெருப்பைப் பரப்பும் அந்நியப் புல்லைப் பிடுங்குகிறார்கள். கோட்டுக்குள்ளேயே இன்னொரு சின்னக் கோடு.